நான்காவது மாடிக் கையெழுத்து

அந்த வங்கியின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கோபப்பட வேண்டுமானால் அதற்கும் டோக்கன் எடுத்து உட்கார வேண்டும். எனக்கு பேக்கரியில் அடுப்பு வேலை, அவ்வளவு நேரம் கிடையாது. தவிர, அது ஏனோதானோ வங்கி அல்ல. வாசல் கதவுக்கு மேல் 'புதிதாக வந்தவர்களின் முதல் நண்பன்' என்று ஆள் உயர எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்த யாரும் அதைப் படிக்காமல் அந்தத் தெருவைத் தாண்ட முடியாது. நண்பன் என்று அவர்களே சொன்ன பிறகு நான் குறை சொல்வது நன்றாக இருக்காது. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது சோப்புக்கு. சோப்பு என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். உயரமான கட்டடங்களின் வெளிப்பக்கக் கண்ணாடிகளை, கயிற்றில் கட்டிய பலகையில் தொங்கிக்கொண்டே துடைப்பது அவன் வேலை. மற்றவர்கள் ஒரு வாளி நுரையில் முடிப்பதை இவன் மூன்று வாளியில் முடிப்பான். மற்றபடி யாருக்கும் சோப்புப் போட்டுக் காரியம் சாதிக்கத் தெரியாத ஆள். தொழிலாளர் விடுதியில் அவனுக்கு மேல் கட்டில், எனக்குக் கீழ்க் கட்டில். அறையில் ஆறு பேர் இருந்தோம், ஜன்னல் மட்டும் இல்லை. நாள் முழுக்க ஊரார் ஜன்னலைப் பளபளப்பாக்கிவிட்டு, ஜன்னல் இல்லாத அறையில் வந்து படுப்பான்.

அவன் மனைவிக்கும் மகளுக்கும் இங்கே வர ஒருவழியாக அனுமதி கிடைத்தது. சனிக்கிழமை வருகிறார்கள். விடுதியில் குடும்பத்தைத் தங்க விட மாட்டார்கள். சோப்பு தெருத்தெருவாக அலைந்து ஒரு வீடு பிடித்தான். ஒரே அறை, ஓரத்தில் சமையல் மேடை, தெருப் பக்கம் ஒரு ஜன்னல். போனில் மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஜன்னல் இருக்காப்பா?"

"இருக்குடா கண்ணு."

"யாரோடது?"

"நம்மளோடது."

வீட்டுக்கார அம்மா நியாயமானவர்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னால் குடியிருந்தவன் அட்வான்ஸைப் பணமாகக் கொடுத்துவிட்டு, போகும்போது இரண்டு மடங்கு கொடுத்ததாகச் சண்டை போட்டிருக்கிறான். அதிலிருந்து யாரிடமும் அவர் கையில் பணம் வாங்குவதில்லை. "பேங்க் வழியா அனுப்பிடுங்க தம்பி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன். அதுக்கு மேல நாய்க்குட்டியோட ஒரு ஜோடி காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார்.

பணம் இல்லாமல் இல்லை. கைச்செலவுக்கு மேஸ்திரி கொஞ்சம் கொடுப்பார், மீதிச் சம்பளம் மொத்தமும் நம் நண்பனிடம், அதாவது வங்கியில், பத்திரமாகச் சேர்ந்திருந்தது. எடுத்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சோப்பு போனான். 'புதியோர் நல்வரவுப் பிரிவு' என்று பலகை வைத்த மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி இருந்தார். பார்த்த மாத்திரத்தில் எழுந்து கும்பிட்டார்.

"வாங்க சார், வாங்க! உங்களை மாதிரி புதுசா வந்தவங்களுக்காகத்தான் இந்தப் பிரிவே இருக்கு. டோக்கன் எடுத்தீங்களா?"

"இங்க வேற யாருமே இல்லையே மேடம்."

"யாரும் இல்லாதப்பவே எடுத்துப் பழகிட்டா, கூட்டம் வரும்போது கஷ்டமா இருக்காது சார்."

எடுத்தான். அவன் எண் பலகையில் வரும்வரை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண் வந்ததும் அவர் மறுபடியும் எழுந்து கும்பிட்டார்.

"என் கணக்குல இருக்குற பணத்தை ஒரு அம்மாவுக்கு அனுப்பணும் மேடம். வீட்டு அட்வான்ஸ். டெபிட் கார்டு கொடுத்தாங்க, அதுவும் எந்தக் கடையிலயும் வேலை செய்யல."

"கவலையே படாதீங்க. உங்க பணம் ரொம்பப் பத்திரமா இருக்கு."

"சந்தோஷம் மேடம். யார்கிட்டேருந்து?"

"எல்லார்கிட்டேருந்தும்."

"என்கிட்டேருந்துமா?"

"முக்கியமா உங்ககிட்டேருந்துதான் சார்" என்றார் அவர், பெருமையாக. "புதுசா வர்றவங்க ஒரு ஆர்வத்துல கார்டைத் தேய்ச்சிடுவாங்க, தெரியாத்தனமா பணத்தை அனுப்பிடுவாங்க. மத்த பேங்க்ல இதெல்லாம் நடக்குது. எங்க பேங்க்ல புதியோர் கணக்குகள்ல ஒரே ஒரு தப்பான பரிமாற்றம்கூட நடந்ததில்ல. ஏன்னா, பரிமாற்றமே நடந்ததில்ல."

சோப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெள்ளிக்கிழமை, வீடு, குழந்தை என்று ஏதேதோ சொன்னான். அவரும் மனமிரங்கி வழி சொன்னார். புதியவர்கள் முதலில் 'அன்றாடப் பணம் செலுத்தல்' பயிற்சியில் தேற வேண்டும். தேறினால் கார்டுக்கு உயிர் வரும், பணமும் அனுப்பலாம். பயிற்சி இலவசம். மறுநாளே வரலாம்.

வங்கிக்குக் கீழ்த்தளம் ஒன்று உண்டு. அங்கே நிஜக் கடை மாதிரியே ஒரு பயிற்சிக் கடை கட்டி வைத்திருக்கிறார்கள். அட்டையில் செய்த ரொட்டி, மெழுகு ஆப்பிள், காற்று ஊதி ஒட்டிய பால் பாக்கெட். கல்லாவில் நல்வரவு அதிகாரியே கடைக்காரராக உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் என்பதால் இங்கே அவர் கும்பிடவில்லை, சிரிக்கவும் இல்லை. அந்த அளவுக்கு நிஜமாக இருந்தது.

சோப்பு ஒரு பால் பாக்கெட்டை எடுத்து வைத்து, பயிற்சிக் கார்டைச் செருகினான். சுவரில் 'ரகசிய எண்ணை யாருக்கும் காட்டாதீர்கள்' என்று எழுதியிருந்தது. இடது கையால் மறைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினான்.

"தப்பு சார். நான் பாக்கவே இல்லையே, சரியா அழுத்தினீங்களான்னு நான் எப்படி மார்க் போடுறது?"

இரண்டாம் தடவை கையை எடுத்துவிட்டு அழுத்தினான்.

"என்ன சார் இது, எனக்குக் காட்டிட்டீங்களே! சுவர்ல என்ன எழுதியிருக்கு?"

மூன்றாம் தடவை அதிகாரியே ஒரு வழி கண்டுபிடித்தார். அவன் மறைக்காமல் அழுத்துவது, அவர் கண்ணை மூடிக்கொள்வது. அப்படியே நடந்தது.

"சரியா அழுத்தினீங்களா?"

"அழுத்தினேன் மேடம்."

"சத்தியமா?"

"என் குழந்தை மேல சத்தியமா."

"பாஸ்" என்று கண்ணைத் திறந்தார்.

பால் பாக்கெட்டோடு மாடிப்படி ஏறும்போது காவலாளி நிறுத்தினான். பயிற்சிப் பால் வங்கியின் சொத்து, வெளியே போகக் கூடாது. சோப்பு திரும்பிப் போய் அதை இருந்த இடத்தில் வைத்தான். வைத்ததால், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தவன் ஆனான். திருப்பிக் கொடுத்தால் அதற்கு ஒரு கட்டணம். அந்தக் கட்டணத்தால் பயிற்சிக் கணக்கில் இருப்பு குறைந்தது. குறைந்ததற்கு ஓர் அபராதம். அபராதம் கட்டப் பயிற்சிக் கணக்கில் பணம் இல்லை.

"அதனால உங்க நிஜக் கணக்குலேருந்து எடுத்துக்கிட்டோம் சார்" என்றார் நல்வரவு அதிகாரி, சான்றிதழை நீட்டியபடி.

"நிஜக் கணக்குலேருந்து பணத்தை எடுக்க முடியுதா மேடம்?"

"எங்களால முடியும் சார். எங்களுக்குப் பயிற்சி இருக்கு."

அன்றிரவு மேல் கட்டிலில் இருந்து சோப்பு எனக்குச் சான்றிதழைத் தொங்கவிட்டுக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது, ஓரத்தில் பூ எல்லாம் போட்டிருந்தார்கள். "கட்டத் தெரியாதவன்கிட்டேருந்து கட்டணம் வாங்கிட்டு, கட்டத் தெரியும்னு சர்டிபிகேட் கொடுத்திருக்காங்க" என்றேன். அவன் சிரிக்கவில்லை. மனைவியிடம் போனில், பெட்டியைக் கட்டிவிடலாம், எல்லாம் ஆகிவிட்டது என்று சொன்னான்.

புதன்கிழமை சான்றிதழோடு போனவனை, பணம் அனுப்புவதென்றால் சந்தேகப் பிரிவில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் அனுப்பினார்கள். அங்கிருந்த அதிகாரி ஒல்லியாக, கழுத்துவரை பட்டன் போட்டவராக இருந்தார். கண்ணில் தூக்கமே இல்லை. மோசடிக்காரர்களிடமிருந்து மக்களைக் காப்பாற்றுவது அவர் பொறுப்பு.

"இந்த அம்மாவை எவ்வளவு நாளாத் தெரியும்?"

"போன வாரத்துலேருந்து சார்."

அதிகாரி தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். "பணத்தை முன்கூட்டியே கேட்டாங்களா?"

"அட்வான்ஸ்னாலே முன்கூட்டித்தானே சார்?"

"கேட்டாங்க. சரி, அவசரப்படுத்துறாங்களா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள கொடுக்கணும். இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிடும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "வீட்டைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். நல்லா இருந்துச்சு."

"ஏமாத்துறவங்க என்னைக்காவது மோசமான வீட்டைக் காட்டிக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"அவங்களும் இதே பேங்க்லதான் கணக்கு வெச்சிருக்காங்க சார். முப்பது வருஷமா."

"முப்பது வருஷமாக் காத்திருந்திருக்காங்க" என்றார் அதிகாரி, மெதுவான குரலில்.

பணம் நிறுத்தி வைக்கப்பட்டது. சோப்பு வீட்டுக்கார அம்மாவிடம் ஓடிப் போய் நடந்ததைச் சொன்னான். கணக்கு டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "நானே வந்து சொல்றேன்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை அவனோடு கிளம்பினார்.

சந்தேகப் பிரிவு அதிகாரி அவரை மரியாதையாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார். "இவரை உங்களுக்கு எவ்வளவு நாளாம்மா தெரியும்?"

"போன வாரத்துலேருந்து."

"போன வாரம் வரைக்கும் யாருன்னே தெரியாத ஒருத்தர், திடீர்னு உங்க கணக்குல பெரிய பணம் போடுறேங்கறார். ஏன்மா?"

"வீட்டுக்கு!"

"அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். உடனே அந்த அம்மாவின் நன்மைக்காக அவருடைய கணக்கையும் முடக்கினார். இதற்கு டோக்கன், பயிற்சி, சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினார், முடிந்தது.

இருவரும் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றார்கள். இந்த ஊர்ப் பஸ்ஸில் கார்டைக் காட்டினால்தான் வேகமாக ஏறலாம். அந்த அம்மா கார்டைக் காட்டினார், பெட்டி சிவப்பு விளக்குப் போட்டுக் கத்தியது. பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திருடியைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க ஒரு பைசா தவறாமல் கணக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு முகம் சிவந்து, கண் கலங்கிவிட்டது. சோப்பு சட்டைப் பையைத் துழாவி, மேஸ்திரி கொடுத்த சில்லறையில் இரண்டு டிக்கெட் வாங்கினான்.

இறங்கும்போது அவர் சொன்னார். "தம்பி, இனிமே இது உங்க அட்வான்ஸ் விஷயம் மட்டும் இல்ல. நாளைக்கு நான் போய் உக்காருறேன். சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. ஆனா அந்த ஜோடிக்கும் நான் வாக்குக் கொடுத்திருக்கேன், அதை மீற மாட்டேன். புரியுதா?"

"புரியுதும்மா" என்றான். அன்றிரவு மேல் கட்டில் கிறீச்சென்றுகொண்டே இருந்தது. புரண்டு புரண்டு படுத்தான் போல. ரயில் நிலையத்தில் பெட்டியோடு மனைவியையும் குழந்தையையும் நிறுத்தி வைத்துக்கொண்டு எங்கே கூட்டிப் போவது என்று யோசித்திருப்பான். நானும் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அன்றைக்குத் துடைக்க வேண்டிய கட்டடம் எது என்று மேஸ்திரி சொன்னபோது, சோப்பு இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான். வங்கிக் கட்டடம்தான்.

இனி வருவது வீட்டுக்கார அம்மா நேரில் இருந்து பார்த்து என்னிடம் சொன்னது; வெளியே நடந்தது மட்டும் சோப்பு சொன்னது. கணக்கு டீச்சர், கூட்டியும் குறைத்தும் சொல்கிறவர் அல்ல.

அவர் காலையிலேயே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மணிக்கு வாடிக்கையாளர் நேரம் முடிந்து கதவைச் சாத்தினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. தூக்கி வெளியே வைக்கவா என்று காவலாளி கேட்டான். கடைசியில் வேறு வழியில்லாமல் நான்காவது மாடிக் கூட்ட அறையில் மேலாளர் ஒரு கூட்டம் கூட்டினார். சந்தேகப் பிரிவு, நல்வரவுப் பிரிவு, மேலாளர், எதிரே கைப்பையோடு அந்த அம்மா. பணம் அனுப்பும் கம்ப்யூட்டர் நான்கு மணிக்கு மூடிவிடும். பிறகு திங்கட்கிழமைதான்.

மேலாளர் முதலில் சிறு உரை நிகழ்த்தினார். "வங்கிங்கறது நம்பிக்கைம்மா. மக்கள் எங்களை நம்புறாங்க. நாங்களும் மக்களை நம்பலாம்தான். ஆனா ரெண்டு பக்கமும் நம்ப ஆரம்பிச்சா அதுக்குப் பேரு வங்கி இல்ல, குடும்பம்."

"சரி, பணம் போகுமா போகாதா?"

மேலாளர் தாராள மனதுக்காரர். உரையைக் கேட்டுக்கொண்டவர்களுக்கு அவர் எதையும் மறுப்பதில்லை. பணம் போகலாம் என்று முடிவானது. அனுப்புகிறவரின் சம்மதம் மட்டும் பாக்கி. சம்மதம் கேட்டு அவர் போனுக்கு ஒரு செய்தி போகும், ஒரு நிமிடத்துக்குள் பொத்தானை அழுத்த வேண்டும். அனுப்பினார்கள். ஒரு நிமிடம் ஆனது, பதில் இல்லை. மறுபடி அனுப்பினார்கள், மறுபடியும் இல்லை. மூன்றாவது தடவையும் பதில் வராததால் அந்த வழி திங்கட்கிழமைவரை தானாகப் பூட்டிக்கொண்டது.

கயிற்றில் தொங்குகிறவர்கள் பையில் எதுவும் வைத்திருக்கக் கூடாது, கீழே போகிறவர் தலையில் விழும். சோப்பின் போன் தரையில் மேஸ்திரியின் பெட்டிக்குள் இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் சந்தேகப் பிரிவு அதிகாரி. "பிடிபடப் போறோம்னு தெரிஞ்சதும் ஆள் தலைமறைவு."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். "அதோ தொங்குறாரே, அவர்தான்!"

எல்லாரும் திரும்பினார்கள். கண்ணாடிக்கு வெளியே, பலகையில் உட்கார்ந்து, இடுப்பில் வாளியோடு சோப்பு நுரை பூசிக்கொண்டிருந்தான். உள்ளே வீட்டுக்கார அம்மாவைப் பார்த்ததும் துடைப்பானைத் தூக்கி வணக்கம் சொன்னான்.

"அவரை உள்ள கூப்பிடுங்க" என்றார் அந்த அம்மா.

மேலாளர் விதியை யோசித்தார். "வாடிக்கையாளர் நேரம் முடிஞ்சா கதவைத் திறக்கக் கூடாது. ஜன்னல் பத்தி விதியில ஒண்ணும் இல்ல. அவர் அங்கேயே இருக்கட்டும். கையெழுத்துப் போடட்டும்."

அந்த ஜன்னல் திறக்காத ஜன்னல். அதனால் 'பணம் அனுப்பச் சம்மதமா? கையெழுத்துப் போடவும்' என்று பெரிய எழுத்தில் எழுதி உள்ளிருந்து கண்ணாடியில் ஒட்டினார்கள். சோப்பு படித்தான். பேனா எங்கே இருக்கிறது? கண்ணாடி முழுக்க அவன் பூசிய நுரை இருந்தது. விரலால் அதில் தன் கையெழுத்தைப் போட்டான்.

சந்தேகப் பிரிவு அதிகாரி மாதிரிக் கையெழுத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பொருந்தல சார். மாதிரியில சுழி இடது பக்கம் ஆரம்பிக்குது. இதுல வலது பக்கம். இது வேற ஆளு."

"நம்ம கண்ணு முன்னாடிதானே போட்டார்?" என்றார் அந்த அம்மா.

"அதுதான்மா பயமா இருக்கு. கண்ணு முன்னாடியே மாத்திப் போடுற துணிச்சல்."

நல்வரவு அதிகாரி தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "சார், அவர் அந்தப் பக்கத்துலேருந்து எழுதுறார். அதனால நமக்கு…"

"அவர் எந்தப் பக்கத்துலேருந்து எழுதினாலும்," என்றார் மேலாளர், "வங்கி இந்தப் பக்கத்துலேருந்துதான் படிக்கும்."

அந்த அம்மா எழுந்து ஜன்னலருகே போனார். வெளியே இருப்பவனுக்குத் தன் கையைக் காட்டி, முன்னும் பின்னுமாகப் புரட்டினார். சோப்பு முழித்தான். மறுபடி புரட்டினார். முப்பது வருடம் மக்குப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவர், விடவில்லை. மூன்றாவது புரட்டலில் அவனுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருப்பவர்களுக்கு நேராகத் தெரிய வேண்டுமானால், அவன் இடம் வலமாகத் திருப்பி எழுத வேண்டும்.

கண்ணாடியைத் துடைத்துப் புதிதாக நுரை பூசினான். பெயரைக் கடைசியிலிருந்து ஆரம்பித்து, சுழியை எதிர்ப்பக்கம் சுழித்து எழுதிப் பார்த்தான். கோழி கிண்டிய மாதிரி வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டான். காற்றில் பலகை ஆடி, கடைசி எழுத்து கண்ணாடியின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போனது. உச்சி மாடியிலிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"டேய் சோப்பு! ஒரே ஜன்னலை எத்தனை தடவைடா தேய்ப்ப?"

"பேங்க்ல இருக்கேன் மேஸ்திரி!" என்று இவன் மேலே பார்த்துக் கத்தினான்.

நான்கு மணிக்கு நெருக்கமாகிவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் நல்வரவு அதிகாரி விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோப்பு கயிற்றைக் காலால் வளைத்துப் பிடித்துப் பலகையை நிறுத்தினான். அந்த நேரத்தில் அவனுக்கு வங்கியும் தெரியவில்லை, உயரமும் தெரியவில்லை. 'யாரோடது?' என்று குழந்தை கேட்டது மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்ததாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் எழுதினான்.

உள்ளே சந்தேகப் பிரிவு அதிகாரி மாதிரியையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "பொருந்துது" என்றார், மனசே இல்லாமல்.

நுரை வடியத் தொடங்கியது. "வடியுறதுக்குள்ள முத்திரை போடுங்க!" என்று மேலாளர் கத்தினார். அவரே ரப்பர் முத்திரையை எடுத்து, கையெழுத்துக்கு நேரே உள்பக்கக் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினார். நல்வரவு அதிகாரி பொத்தானை அழுத்தினார். அந்த அம்மாவின் கணக்கையும் திறந்துவிட்டார்கள். கைப்பைக்குள் போன் 'டிங்' என்றது.

அவர் போனை எல்லாம் காட்டவில்லை. கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினார். சோப்பு அழுதான். நுரைக் கையால் கண்ணைத் துடைத்து, எரிச்சலில் இன்னும் அழுதான்.

சனிக்கிழமை அவர்கள் வந்துவிட்டார்கள். நானும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். குழந்தை அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக் கூடப் பார்க்காமல் ஜன்னலைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. "இது நம்மளோடதுதானே?" என்று தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கேயே கதையை நிறுத்திவிடலாம். ஆனால் அடுத்த மாதம் முதல் தேதி வந்தது, வாடகை கட்ட வேண்டியிருந்தது.

சோப்பு டோக்கன் எடுத்து உட்கார்ந்து, தாளில் வழக்கமான கையெழுத்தைப் போட்டு நீட்டினான். நல்வரவு அதிகாரி வருத்தப்பட்டார்.

"இது செல்லாது சார். முத்திரை விழுந்த கையெழுத்துதான் இப்ப உங்க மாதிரிக் கையெழுத்து. நான்காவது மாடி, கிழக்குப் பக்கக் கண்ணாடி, வெளிப்பக்கம்."

தாளிலேயே இடம் வலமாகத் திருப்பிப் போட்டுக் காட்டினான்.

"எழுத்து பொருந்துது சார். இடம் பொருந்தல."

அன்று சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரியின் கயிற்றை வாங்கிக்கொண்டு போய், தொங்கி, வாடகை கட்டினான். உயரக் கட்டணம் என்று ஒன்று பிடித்துக்கொண்டார்கள். அதை மட்டும் கண்ணாடிக் கையெழுத்து இல்லாமலே பிடித்துக்கொண்டார்கள்.

சுலபமாக வேலை முடிந்ததில் மேலாளருக்கு மிகுந்த திருப்தி. கதவைத் திறக்க வேண்டியதில்லை, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து அடம் பிடிக்க முடியாது, பேசினாலும் உள்ளே கேட்காது. அடுத்த மாதமே வாசல் பலகையில், 'புதியோருக்கு மட்டும்: ஜன்னல் வழிச் சேவை' என்று ஒரு வரி சேர்ந்தது. திறப்பு விழாவில் மேலாளர் பேசினார். "புதுசா வந்தவங்களைத் தரையில நிக்க வெச்சுப் பேசுற காலம் போயிடுச்சு. எங்க வங்கி அவங்களை எங்க வெச்சிருக்குன்னு அண்ணாந்து பாருங்க!" எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள். கீழ்த்தளப் பயிற்சிக் கடையில் இப்போது முழங்கால் உயரத்தில் ஒரு பயிற்சிக் கயிறும் தொங்குகிறது. அதிலிருந்து இறங்கினால் இறங்கு கட்டணம்.

என் பேக்கரி முதலாளியும் சம்பளத்தைக் கணக்கில் போட ஆரம்பித்துவிட்டார். அதனால் இந்த முதல் தேதி, கட்டடத்தின் பின்பக்க ஏணியடியில் வரிசையில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு நர்ஸ், ஒரு டாக்ஸி டிரைவர், இரண்டு சமையல்காரர்கள். நாற்காலி மேல் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். சோப்புதான் என் இடுப்பில் வாரைக் கட்டி, முடிச்சை இழுத்துப் பார்த்தான். அவன் மனைவி வாளியைப் பிடித்திருந்தாள். குழந்தை கட்டடத்தின் முன்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தது.

"அப்பா, அங்க எல்லாரும் கதவு வழியாத்தானே உள்ள போறாங்க? நாம மட்டும் ஏன்ப்பா ஜன்னல் வழியா?"

"நாம புதுசுதானேம்மா?"

"எதுவரைக்கும்ப்பா நாம புதுசு?"

சோப்பு என்னைப் பார்த்தான். நான் நர்ஸைப் பார்த்தேன். அதைக் கேட்பதற்குத்தான் நாங்கள் எல்லாரும் டோக்கன் எடுத்து வைத்திருக்கிறோம். எண் இன்னும் வரவில்லை.